சீர்வரிசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி

அத்தியாயம் 9

மகள் சினேகாவின் நிச்சயதார்த்தத்தன்று பேபி சொன்ன ஒரு பொய், இருபத்தோரு நாளாக அந்த வீட்டில் ஐந்தாவது ஆளாகக் குடியிருந்தது. மற்ற நாலு பேரும் அதை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.

பொய் ஒன்றும் பெரியதில்லை. மாப்பிள்ளை பிரேமின் அம்மா, சம்பந்தியம்மாள் பொன்னி அன்றைக்கு அனகாபுத்தூரில் அந்தச் சின்ன வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளம் ஒரு தடவை உள்ளே வந்துபோனதிலிருந்து அங்கே எந்தச் சாமானும் தரையில் இருக்காது. கம்ப்யூட்டரும் நெஞ்சளவு உயர மேசையில்தான் இருந்தது. "இது யாரோடது?" என்று பொன்னி கேட்டார். "பையனோடதுங்க" என்றாள் பேபி, கண் இமைக்காமல்.

பையன் எழிலுக்குக் கபடி தெரியும். கம்ப்யூட்டரில் எந்தப் பட்டனை அமுக்கினால் உயிர் வரும் என்று தெரியாது.

அது சினேகாவுடையது. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடும் வேலை அவளுக்கு. இரண்டு வருடமாக ஒவ்வொரு பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய மெஷின். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவளும், கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியும், முகம் பார்த்திராத மூன்று பையன்களும் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடுவார்கள். அணிக்கு அவள்தான் கேப்டன்.

அந்த மூன்று பையன்கள்தான் விவகாரம். போன வருடம் மேடவாக்கத்து வரன் ஒன்று, 'பொண்ணு எந்நேரமும் ஆம்பளப் பசங்களோட கம்ப்யூட்டர்ல பேசிக்கினே கீதாம்' என்ற ஒரே பேச்சில் கலைந்துபோனது. அந்த அடியிலிருந்து பேபி இன்னும் எழுந்திருக்கவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

கூத்தைப் பாருங்கள், பொன்னி கேட்ட ஒரே சீரும் கம்ப்யூட்டர்தான்.

"எங்களுக்கு நகை வேணாம், பைக் வேணாம். பிரேம் ஆசைப்படற கேமிங் கம்ப்யூட்டர் ஒண்ணு மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. மண்டபத்துல சீர்த்தட்டோட முன்னாடி வெச்சா பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்."

அதை வாங்கும் நாள் இந்தச் சனிக்கிழமை.

* * *

காலையிலேயே பேபி ஆரம்பித்துவிட்டாள்.

"கடைக்குப் போனா நீ உன் பாட்டுக்கு ஓரமா நில்லு. அவரு இன்னா கேக்கறாரோ அத உங்கப்பா வாங்கிக் குடுப்பாரு. நீ வாயத் தொறக்காத. புரிதா?"

"புரியுதும்மா."

"சும்மா புரிதுன்னு சொல்லாத. உன் மூஞ்சி எனக்குத் தெரியும். எதனா தப்பா எடுத்தாங்கன்னா உனக்குக் கோவம் மூக்கு மேல வரும்."

அம்மா சொன்னது உண்மைதானே.

மூன்று நாளாக அவள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். எண்பதாயிரத்துக்குள் ஒரு நல்ல மெஷின் கட்டுவது கல்யாணப் பந்தி போடுவதைப் போல. பாயசத்துக்கே பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டால் கடைசிப் பந்திக்குச் சோறு இருக்காது. படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரியதோ அதற்குத் தோதான ப்ராசஸர் வேண்டும். இரண்டுக்கும் ஈடு கொடுக்கிற மாதிரி ரேம், மானிட்டர். எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்க நம்பகமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் ஆயிரம் கூட்டினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும். கூட்டி, அழித்து, மறுபடி எழுதி, பட்டியலை ஒரு வழியாக நிமிர்த்தி அப்பாவிடம் கொடுத்தாள்.

ஜீவானந்தம் பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

"இன்னாமா இது, எஸ்.எம்.பி.எஸ்ஸு? இதுக்குப் போயி அஞ்சாயிரமா?"

"அது வெளிய தெரியாதுப்பா, பெட்டிக்குள்ள இருக்கும். ஆனா அது மட்டமா போச்சுன்னா மத்ததெல்லாம் அதோட சேர்ந்து போயிடும்."

"அப்போ ஷூவுக்கு அடி மாதிரி" என்றார் அவர். "மேல்தோலு எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் உள்ள அட்டைய வெச்சு ஒட்டினா ஒரு மழைக்குத் தாங்காது. சரி, யாரு எழுதினதுன்னு மாப்ள கிட்ட சொல்றது?"

எழில் பெயரைச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை அவனிடமே சந்தேகம் கேட்டுவிட்டால் வண்டி குடைசாய்ந்துவிடும்.

"தெரிஞ்சவங்க குடுத்ததுன்னு சொல்லுங்கப்பா."

அவர் மகளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

* * *

பஸ்ஸில் போகும்போதுதான் பிரேமிடமிருந்து கடையின் லொகேஷன் வந்தது. சினேகா திறந்து பார்த்தாள். மேற்குத் தாம்பரம், மார்க்கெட் தெருவில் மாடிக் கடை. அவள் மெஷினின் ஒவ்வொரு பாகமும் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான்.

'வேற கடை பாக்கலாமா?' என்று செய்தி அனுப்பினாள்.

'இங்கதான் ரேட் கம்மி. உனக்கு இதெல்லாம் போர் அடிக்கும்னு தெரியும். சீக்கிரம் முடிச்சிடலாம்' என்று பதில் வந்தது. பின்னாலேயே, 'சாப்ட்டியா?'

இந்த 'சாப்ட்டியா'தான் அவளுக்குப் பெரிய தொல்லை. பிரேம் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாவலூரில் ஐ.டி. வேலை, சிரித்த முகம், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போன். பேச்சில் பாதி நேரம் தான் ஆடுகிற விளையாட்டைப் பற்றித்தான் சொல்வான். ஒரு தடவை, மதில் ஏறி எதிரியைப் பின்னால் போய் மடக்கிய கதையைச் சொன்னான். அந்த மதிலில் அவள் நூறு தடவை ஏறியிருக்கிறாள். "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் பயமும் அதிகமாக இருந்தது.

கடைக்காரர் பெயர் சேட்டு. பெயரைக் கேட்டு அடகுக்கடை என்று நினைத்துவிடாதீர்கள், கடப்பேரியில் பிறந்து வளர்ந்த மனிதர். படியேறி வந்த சினேகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாம்மா, இன்னா ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தார். அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டினாள்.

இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்த மனிதருக்கு அது போதும்.

"...நாளா இந்தப் பக்கம் ஒரே வெயிலு. வாங்க சார், வாங்க. ஃபேனாண்ட உக்காருங்க" என்று சொல்லி முடித்தார்.

பிரேம் முன்பே வந்திருந்தான். மாமனாருக்கு எழுந்து நாற்காலி கொடுத்தான், இளநீர் வரவழைத்தான். ஜீவானந்தத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியிலேயே பட்டியலை எடுத்து நீட்டினார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தாங்க மாப்ள. ஒரு பார்வ பாருங்க."

பிரேம் மேல் இரண்டு வரியைப் படித்தான். சிரித்தான். கேலியாகக் கூட இல்லை, வாஞ்சையாகவே சிரித்தான்.

"மாமா, இது ஆபீஸுக்கு மெஷின் வாங்கற மாதிரி இருக்கு. ரொம்ப சேஃபா எழுதியிருக்காங்க. நான் பாத்துக்கறேன், நீங்க ரிலாக்ஸா இருங்க."

பட்டியல் கல்லா மேசையில் இளநீர்க் காய்க்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. காயின் ஈரம் அதன் ஓரத்தில் ஏறுவதைச் சினேகா பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று நாள் உழைப்புக்கு இரண்டு வரிப் படிப்பு.

பிரேம் முதலில் எடுத்தது கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கியது. அடுத்தது பெட்டி. மூன்று பக்கம் கண்ணாடி, ஆறு ஃபேன், ஒவ்வொன்றிலும் நிறம் மாறி மாறி எரியும் விளக்கு. அதை எரியவைத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான்.

"பெட்டி பெருசாதான் இருக்கு" என்றார் பொன்னி. "இந்த லைட்டு பகல்லயும் தெரியுமாடா? மண்டபத்துல வாசப்பக்கம் வெளிச்சம் ஜாஸ்தி."

"நல்லா தெரியும்மா."

"அப்ப சரி. அண்ணா, ஒங்களுக்குத்தான் சிரமம்."

"சிரமம் இன்னாங்க இருக்குது" என்று ஜீவானந்தம் போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

போன் அணைந்தபோது பாதிப் பாகங்கள்கூட எடுத்தாகவில்லை, பணத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. மிச்சத்தில் மற்றவற்றை நெருக்கியாக வேண்டும். ப்ராசஸர் மூன்று தலைமுறை பழசு. ரேம் ஒன்றே ஒன்று. மானிட்டர் எப்படிப்பட்டதென்றால், அந்தக் கார்டு அனுப்பும் படங்களில் பாதியைக்கூட அதனால் காட்ட முடியாது. சினேகா ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தாள். சரி, மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கடைசியில் எஸ்.எம்.பி.எஸ்.

"அது எதாவது போடுங்கண்ணா. உள்ளதான இருக்கப்போகுது, யாரு பாக்கப்போறா" என்றான் பிரேம்.

சேட்டு அடித்தட்டிலிருந்து பெயரில்லாத ஒரு டப்பாவை எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தம்பி, சொல்றனேன்னு தப்பா நெனச்சுக்காத. இந்தக் கார்டுக்கு இது தாங்காது. மேல எழுதிகீற வாட்டு வேற, உள்ள வர்ற வாட்டு வேற. நல்ல லோடுல டப்புன்னு போச்சுன்னா கார்டையும் கூட இட்டுகினு பூடும்."

"அண்ணா, விலை ஏத்தறதுக்கு எல்லாக் கடையிலயும் இதத்தான் சொல்வாங்க" என்று பிரேம் சிரித்தான். "இதையே போடுங்க. பில்லு என் பேருல வேணும், வாரண்டிக்கு."

சேட்டு பில் புத்தகத்தை இழுத்தார். ஒரு முறை சினேகாவைப் பார்த்தார். நீ பேசமாட்டியா என்று கேட்ட பார்வை அது.

இன்னும் பதினெட்டு நாளில் இந்தப் பெட்டி போகும் வீட்டுக்குத்தான் அவளும் போகப்போகிறாள். ஒரு நாள் அது அவள் கண்ணெதிரிலேயே அணைந்துபோகும். ஏன் அணைந்தது என்று தெரிந்தும் அவள் காபி டம்ளரோடு ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். இப்போது வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகலாம். திறக்காவிட்டால் அந்த வீட்டில் எப்போது திறப்பது?

"அது வேணாங்க" என்றாள் சினேகா.

மூவரும் திரும்பினார்கள்.

"அந்தக் கார்டு ஆடற நேரத்துல திடீர்னு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அறுநூத்தம்பது வாட்டுக்குக் கீழ போடக்கூடாது. லோடு ஏறினா தானா அணையற கட் ஆஃப்கூட இதுல இருக்காது. கார்டைச் சின்னதாக்கிட்டு, அந்தப் பணத்துல ப்ராசஸரும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் நல்லதா எடுத்தா எல்லாம் சமமா ஓடும்."

பிரேம் வியப்போடு பார்த்தான். "இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

ஒரு கணம். ஒரே ஒரு கணம்தான். அம்மாவின் முகம் வந்தது, மேடவாக்கம் வந்தது.

"தம்பி சொன்னான்" என்றாள்.

"ஓ, எழிலா!" பிரேமின் முகம் தெளிந்தது. "அத முதல்லயே சொல்லக்கூடாதா? அப்ப சரியாத்தான் இருக்கும். அண்ணா, மச்சான் சொன்னா மாதிரி மாத்திடுங்க."

நினைத்தது நடந்துவிட்டது. மெஷின் பிழைத்துவிட்டது. ஆனால் சினேகாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பட்டியலில் எழுதியபோது செல்லாத விஷயம், சேட்டு சொன்னபோது செல்லாத விஷயம், எழில் பெயரைச் சொன்னதும் செல்லுபடியாகிவிட்டது. எழிலுக்கு ப்ளக்கைச் சொருகக்கூடத் தெரியாது.

ஜீவானந்தம் இளநீரைக் கீழே வைத்தார். மகளின் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.

"இருங்க, மச்சான்கிட்டயே கேட்டுடறேன்" என்று பிரேம் போனை எடுத்தான். தடுக்க யாருக்கும் நேரமில்லை. ஸ்பீக்கரில் மணி போனது. மைதானத்துச் சத்தத்துக்கு நடுவே எழிலின் குரல் கேட்டது.

"மாமா! சொல்லுங்க மாமா."

"மச்சான், கடையில இருக்கோம். உன் மெஷின்ல எந்த எஸ்.எம்.பி.எஸ் போட்டிருக்க?"

"அது... நல்லதாதான் மாமா போட்டுகீறேன்."

"எத்தன வாட்?"

"வாட்டா?" எழிலுக்கு மூச்சு வாங்கியது, கபடியா பயமா தெரியவில்லை. "மாமா, அக்கா பக்கத்துல இருந்தா அதாண்ட கேளுங்களேன். அதுதான மாட்டுச்சு. எனக்கு ஆன் பண்ற எடமே தெரியாது." சட்டென்று சத்தம் நின்றது. "ஐயையோ. மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டியின் விளக்குகள் மட்டும் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. சேட்டு வேலையே இல்லாத இடத்தில் ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"அது உன்னோடதா?" என்றான் பிரேம்.

"என்னோடதுதான். இந்தக் கடையிலதான் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை மதியம் ஆடுவேன்."

"நீ ஆடறது எனக்கு ஒரு விஷயமே இல்ல சினேகா." அவன் குரல் இறங்கியிருந்தது. "மூணு வாரமா தினமும் பேசறோம். நான் லூசு மாதிரி மதில் ஏறின கதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன். நீ அப்படியா, அப்படியான்னு கேட்டுட்டிருந்த. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கல. சொல்லிடணும்னு தினமும் தோணிச்சு. பயமா இருந்தது."

"வேற என்னெல்லாம் மறைச்சிருக்கீங்க?"

'மறைச்சிருக்கீங்க' என்றான். அந்த ஒரு சொல் அப்பாவையும் சேர்த்துக் குத்தியது. ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து சினேகா பார்த்ததில்லை. அவமானமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

"மறைச்சது தப்புதான். அதுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்பு கேக்கறேன்" என்றாள். ஈரமான பட்டியலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது நான் எழுதினது. காலையிலயே இத சொல்லிக் குடுத்திருந்தா, கடைசி வரி வரைக்கும் படிச்சிருப்பீங்களா?"

பிரேம் பட்டியலைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம், அவனுக்கு அது முடியவில்லை.

"தெரியல" என்றான். "நிஜமா தெரியல."

சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு எழுந்தான்.

"மாமா, இன்னைக்கு வேணாம். நான் வீட்ல பேசிட்டுச் சொல்றேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் ஒரு தடவை நின்றது. பிறகு இறங்கியே போய்விட்டது.

சினேகா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மனம் அடித்துக்கொண்டது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா."

ஜீவானந்தம் எழுந்தார். மேசைக்குப் போய் அந்தப் பட்டியலை எடுத்தார். வேட்டி நுனியால் ஈரத்தை ஒற்றினார். சேட்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், இதெல்லாம் உள்ள எடுத்து வெச்சிடவா?"

"அந்தக் கண்ணாடிப் பெட்டிய எடுத்து வெச்சிடு. கார்டையும் வெச்சிடு" என்றார் ஜீவானந்தம். "இதுல எழுதிகீற சாமான் எல்லாம் இருக்குதா உன்னாண்ட?"

சேட்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். நிதானமாக, கடைசி வரி வரைக்கும்.

"எல்லாம் கீது சார். ஒண்ணு கூட மாத்த வேணாம்."

"அப்ப பில் போடு."

"அப்பா, என்னப்பா இது? கல்யாணமே நடக்குமான்னு தெரியல..."

"சீருக்குன்னு எடுத்து வெச்ச பணம். சீராவே போவட்டும். எந்த வூட்டுக்குன்னு அப்பால பாத்துக்கலாம்."

சேட்டு பில் புத்தகத்தில் ஏற்கெனவே பிரேம் என்று எழுதியிருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாளில் கார்பனை வைத்து நிமிர்ந்தார்.

"யார் பேருல சார்?"

"சினேகா" என்றார் அப்பா.

மூன்று எழுத்தை சேட்டு எழுதி முடிப்பதற்குள் அப்பாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சம்பந்தியம்மாள் பொன்னி. கொஞ்ச நேரம் முன்புதான் பிரேமின் போனில் அவரைப் பார்த்துக் கும்பிட்டிருந்தார்.

மணி நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. அவர் பட்டனை அமுக்கவில்லை. போனை மகளிடம் நீட்டினார்.

"நீயே பேசு" என்றார்.

சினேகா வாங்கிக்கொண்டாள்.